பாடும் குடியும்: பழவேற்காட்டுக் கரையின் ஒரு வரலாறு

பழவேற்காட்டுக்குச் செல்வோர் பெரும்பாலும் முதலில் காண விரும்புவது டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைத்தான். வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கப்பட்ட எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. உள்ளே, பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இக்கரையில் மாண்ட அயல்நாட்டு வணிகர்கள், அதிகாரிகள், அவர்தம் மனைவி மக்கள் ஆகியோரின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தொல்லியல் துறை அவற்றைப் பாதுகாத்து வருகிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த அயலாரின் துயரத்தை நாம் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுத் திரும்புகிறோம். அதே ஊரின் படகுத்துறையில், பள்ளி நேரத்தில், வலை உலர்த்தும் மணலில் அமர்ந்திருக்கும் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளின் துயரத்தை வாசிக்க நமக்கு எழுத்துத் தெரியவில்லை.

தெரியாததால் ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டிருக்கிறோம்: 'கடல் தொழில் செய்கிறவன் குடிக்கத்தான் செய்வான்.' கரைக்கு வெளியே இருப்பவர்கள் இதை இளக்காரமாகச் சொல்கிறார்கள். கரையில் இருப்பவர்கள் சலிப்போடு சொல்கிறார்கள். இரு சாராரும் இதை இயற்கை விதிபோல் கருதுவதுதான் வியப்பு. பள்ளியை விட்டு நின்ற ஒரு பையன் குடிக்கத் தொடங்கினால் அது அவன் பிறப்பில் எழுதியிருந்தது என்றாகிவிடுகிறது. அதற்கு மேல் கேள்வி இல்லை. ஆனால் இயற்கை என்று நாம் ஒதுக்கிவைக்கும் பலவற்றுக்கும் ஆண்டும் தேதியும் உண்டு. இந்தக் குடிக்கும் உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

*

மிகப் பழைய சான்றிலிருந்தே தொடங்குவோம். பரதவர் குடித்தனர் என்பதைச் சங்க இலக்கியம் மறைக்கவில்லை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாமீனின் கொம்பை நட்டு வழிபடுகின்றனர், பனங்கள்ளைப் பருகுகின்றனர், ஆடுகின்றனர். குடிப்பதற்குப் பண்டைய சான்று வேண்டுவோர் இக்காட்சியோடு நின்றுவிடுவது வழக்கம். ஆனால் அந்தக் காட்சியின் முழுப் பொருளும் அது நிகழும் நாளில் இருக்கிறது. அது முழுநிலா நாள். வேட்டத்துக்குப் போகாத நாள். அங்கே குடிக்கு ஒரு நாள் இருக்கிறது, ஒரு தெய்வம் இருக்கிறது, சுற்றிலும் ஊர் இருக்கிறது. கடலுக்குப் போகும் நாளும் குடிக்கும் நாளும் ஒன்றல்ல என்ற ஒழுங்கு அக்காட்சியின் அடியில் ஓடுகிறது. கவிஞர் வாழ்க்கையை அப்படியே பதிவு செய்தார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. குடியைக் குறித்து இக்கரையில் நிலவிய ஒரு கற்பனை, எல்லையுள்ள கற்பனையாக இருந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

தனியாக, தினமும், துறையோரத்தில், பதினாறு வயதில் குடிக்கும் குடி அதன் தொடர்ச்சி அன்று. பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது.

*

1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் பழவேற்காடுதான். துணியும் வெடிமருந்தும் இங்கிருந்து கீழைத்தீவுகளுக்குப் போயின. மனிதர்களும் போனார்கள். பதினேழாம் நூற்றாண்டில், குறிப்பாகப் பஞ்சமும் போரும் நாட்டை வாட்டிய ஆண்டுகளில், பல்லாயிரம் பேர் சோழமண்டலத் துறைகளிலிருந்து அடிமைகளாக பத்தேவியாவுக்கும் பிற டச்சுக் குடியேற்றங்களுக்கும் ஏற்றப்பட்டனர்; பழவேற்காடு அத்துறைகளுள் முக்கியமானது. பசியில் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றவர்கள் அவர்களுள் இருந்தனர். அவர்களில் ஒருவருக்கும் இங்கே கல்லறை இல்லை.

நானூறு ஆண்டுக்கு முந்தைய அத்துயரம் இன்றைய பிள்ளைகளின் குருதியில் ஓடுகிறது என்று எழுதினால் அது அலங்காரமாகவே முடியும். நாம் சொல்ல வருவது வேறு. இக்கரையில் எந்தத் துயரம் கல்லில் எழுதப்பட வேண்டும், எது எழுதப்படாமல் போக வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் எப்போதும் கரைக்கு வெளியிலிருந்தே வந்தார்கள். அந்த வழக்கம் டச்சுக்காரர்களோடு முடியவில்லை.

*

ஏரிக்கு வருவோம். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி திருவள்ளூர் மாவட்டத்தில். பரப்பு பெரிதாயினும் ஆழம் சராசரியாக ஒரு மீட்டர் அளவே. இத்தகைய நீரில் இறால் ஓடும் இடங்கள் குறைவு. வலை போட விரும்புவோர் அதிகம். இந்தச் சிக்கலுக்குப் பட்டினவர் சமூகம் கண்ட விடைதான் 'பாடு' முறை.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இம்முறைக்குப் பெயர் பெற்றவை. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்கள் பாடுகளாகப் பிரிக்கப்பட்டு, எந்த ஊருக்கு எந்த நாள், அந்த ஊருக்குள் யாருக்கு எந்த இடம் என்பது முறை வைத்தும் சீட்டுப் போட்டும் தீர்மானிக்கப்படும். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை சுமாரான இடம். வலிமையுள்ளவன் நல்ல இடத்தில் நிலைகொள்ள முடியாது. சட்டப் புத்தகம் இல்லாமல் தலைமுறைகளாக நடந்துவந்த இந்தப் பங்கீட்டை உலகெங்குமிருந்து ஆய்வாளர்கள் வந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

நம் கேள்விக்கு முக்கியமானது பாட்டில் யார் சேரலாம் என்பது. பங்கு தந்தை வழியில் வரும். பொதுவாகத் திருமணமாகித் தனிக்குடும்பம் ஆனவனே 'தலைக்கட்டு' என்று எண்ணப்படுவான். தலைக்கட்டு ஆனவன் ஊர்வரி கொடுக்கிறான், ஊர்க்கூட்டத்தில் அமர்கிறான், பாட்டில் பங்கு பெறுகிறான். ஆகவே ஒரு பையன் ஆளாவதற்கு இங்கே படிகள் இருந்தன: தகப்பனோடு படகில் ஏறுதல், வலை கட்டக் கற்றல், துடுப்பும் கழியும் பழகுதல், மணமுடித்தல், தலைக்கட்டாதல். பள்ளிக்குப் போகாதவனுக்கும் முன்னால் ஒரு வழி தெரிந்தது.

இதைப் பொற்காலமாக்க நமக்கு விருப்பமில்லை. பாடு பட்டினவ ஆண்களுக்கே உரியதாக இருந்தது. இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அதில் இடமில்லை. ஏரியை நம்பிய பிற சமூகத்தாருக்கும் இல்லை. அதனால் எழுந்த பூசல்களும் உண்டு. பெண்களுக்குப் பங்கு இல்லை, மீனை விற்கும் உழைப்பு மட்டும் உண்டு. ஒரு முறை சிலரைக் காத்தது, பலரை வெளியே வைத்தது. ஆனால் அது சுருங்கியபோது, வெளியே இருந்தவர்கள் உள்ளே வரவில்லை. உள்ளே இருந்தவர்களின் பிள்ளைகளும் வெளியே வந்து நின்றார்கள்.

*

பாடு என்ற சொல்லுக்குத் தமிழில் முறை என்றும் பொருள், உழைப்பு என்றும் பொருள், துன்பம் என்றும் பொருள். மீன்பாடு என்றால் கிடைத்த மீன். கடந்த அறுபது ஆண்டுகளில் இக்கரையில் இச்சொல்லின் முதற்பொருள் தேய்ந்து மூன்றாம் பொருள் வளர்ந்த கதையைச் சில ஆண்டுகளால் சொல்லிவிடலாம்.

1969இல் ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டா தீவு ராக்கெட் ஏவுதளத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971இல் முதல் சிறு ராக்கெட் புறப்பட்டது. தீவில் வாழ்ந்த யானாதிப் பழங்குடியினர் உள்ளிட்டோர் இடம்பெயர்ந்தனர். இன்றும் ஏவும் நாள்களில் அப்பகுதிக் கடலுக்குப் போகத் தடை விதிக்கப்படுகிறது. தெற்கே 1994இல் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம், 2010களின் தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகம். 1990களில் கரையோரம் முழுவதும் இறால் பண்ணைகள் பெருகின. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சிலிகா, பழவேற்காடு ஏரிகளைச் சுற்றி ஆயிரம் மீட்டருக்குள் இத்தகைய பண்ணை கூடாது என்று பெயர் குறிப்பிட்டே சொன்னது. முகத்துவாரம் மணல் மூடி அடைபடுவதும், அதைத் திறந்துவிடக் கோரி மீனவர்கள் அலுவலகங்களுக்கு நடப்பதும் வாடிக்கையாயிற்று. முகத்துவாரம் அடைந்தால் கடல்நீர் வராது. கடல்நீர் வராவிட்டால் இறால் குஞ்சு வராது. இறால் வராத இடத்தில் எத்தனை நியாயமாகப் பாடு பிரித்தாலும் பங்கிடுவதற்கு ஒன்றுமில்லை.

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில், நாகப்பட்டினத்தோடு ஒப்பிட இங்கே உயிரிழப்பு குறைவு. படகும் வலையும் வீடும் இழந்தவர் மிகுதி. 2011 திசம்பர் 25 அன்று ஏரியில் படகு கவிழ்ந்து சுற்றுலா வந்த 22 பேர் மாண்டனர். இவை செய்தித்தாளில் வந்த மரணங்கள். செய்தியாகாத மரணம் ஒவ்வொரு குப்பத்திலும் உண்டு: கடலுக்குப் போன தகப்பன் திரும்பாமற் போவது.

அப்படித் திரும்பாதவன் சட்டத்தின் கண்ணில் இறந்தவன் அல்லன். ஏழாண்டுகள் தகவல் இல்லாதிருந்தால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் வகுத்த விதி. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. 2017இல் ஒக்கிப் புயலுக்குப் பின் அரசு இவ்விதியைத் தளர்த்தி நிவாரணம் வழங்கியதுண்டு. தனியொரு படகு காணாமற் போகும்போது அத்தகைய தளர்வு எளிதில் வருவதில்லை. பதினான்கு வயதில் தகப்பனை இழந்த பிள்ளையை எண்ணிப் பாருங்கள். உடல் இல்லாததால் சடங்கும் முழுமையாவதில்லை; சான்றிதழ் இல்லாததால் உதவித்தொகை இல்லை; தாய் கூடை தூக்குகிறாள்; பையன் பள்ளியை விடுகிறான். தகப்பன் இறந்ததாக அரசு ஒப்புக்கொள்ளும்போது அவனுக்கு வயது இருபத்தொன்று.

அந்த எண்களில் ஒரு கொடிய ஒற்றுமை இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வரை பேசுகிறது. தமிழகத்தில் மது வாங்கச் சட்டம் அனுமதிக்கும் வயது இருபத்தொன்று. பதினான்கில் ஓர் உரிமை முடிந்து, இருபத்தொன்றில் மற்றோர் உரிமை தொடங்குகிறது. இடைப்பட்ட ஏழாண்டுகளில் பள்ளிக்கு வெளியே இருக்கும் பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் ஒழுங்காக இல்லை. அவன் மாணவன் அல்லன், தலைக்கட்டும் அல்லன். அவனுக்குப் படிக்கப் பாடமில்லை, போடப் பாடும் இல்லை. கூலிக்குப் படகேறிய அன்று கையில் காசு இருக்கிறது. மூத்தவர்கள் நடுவே தானும் ஆளாகிவிட்டேன் என்று காட்ட எஞ்சியிருப்பது ஒரே சடங்கு.

*

அந்தச் சடங்குக்கான பொருளை யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதும் வரலாறே. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி பிறந்தது. 1948இல் மதுவிலக்கு சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971இல் அது தளர்த்தப்பட்டு, 1973-74இல் மீண்டும் வந்து, 1981இல் மறுபடி நீங்கியது. 1982 சூலையில் சத்துணவுத் திட்டம். 1983இல் டாஸ்மாக் நிறுவனம். ஏழைப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்த தட்டும், அவன் தகப்பனின் கூலியைக் கடைக்கு அழைத்த புட்டியும் ஒரே ஆட்சியில் ஓராண்டு இடைவெளியில் வந்தவை. 1987இல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. பனையிலிருந்து இறங்கும் கள் அதன்பின் சட்டப்படி மீளவே இல்லை. 2003இல் சில்லறை விற்பனையையும் அரசே ஏற்றது. 2023-24இல் மது வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். விற்பனை வரி மதுவிலக்கின் குழந்தையாகப் பிறந்த மாநிலத்தில், மது இன்று கருவூலத்தின் தூண்களுள் ஒன்று.

கடை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் கருதவில்லை. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் என்னும் மீனவ ஊரிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசு மது தாராளமாகக் கிடைத்த காலத்திலேயே அது நிகழ்ந்தது. மலிவானதைத் தேடும் கைக்கு மலிவானது எங்கிருந்தோ வந்துவிடும். ஆகவே கடையைப் பற்றிய கேள்வியோடு கையைப் பற்றிய கேள்வியும் வேண்டும்: அது ஏன் நீள்கிறது?

*

1998இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஃபெலிட்டி, ஆண்டா ஆகிய மருத்துவர்களும் உடனிருந்தோரும் வெளியிட்ட ஆய்வு, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் அவர்களுடைய பிள்ளைப் பருவத்தைப் பற்றிக் கேட்டது. அடி, அவமானம், வீட்டில் வன்முறை, வீட்டில் குடிநோயாளி எனப் பல வகைத் துன்பங்களுள் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, அவை இல்லாதவர்களைவிடக் குடிநோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு அதிகமாக இருந்தது. ஆழிப்பேரலைக்கு இரண்டு மாதங்களுக்குப் பின் தமிழகக் கரையோர மீனவக் கிராமம் ஒன்றில் எடுத்த கணக்கு, பெரியவர்களுள் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிகள் இருந்ததாகச் சொன்னது. தூக்கமின்மை, திடுக்கிடல், நீரைக் கண்டு அஞ்சுதல்: கடலில் பிழைக்க வேண்டியவனுக்கு இவை வந்தால் அவன் எதைக் கொண்டு மறுநாள் படகேறுவான்? மது முதலில் மருந்தாக வருகிறது. தூங்க வைக்கிறது. பிறகு அதுவே தூக்கத்தைக் குலைக்கிறது. மூளை இன்னும் முதிராத வயதில் தொடங்கும் குடி, பிற்காலத்தில் மீளமுடியாத பழக்கமாகும் வாய்ப்பும் மிகுதி.

அடுத்த தலைமுறைக்கு இது இன்னொரு வழியிலும் போகிறது. குடிக்கும் தகப்பனின் வீட்டில் வளர்வதே அந்த ஆய்வு எண்ணிய துன்பங்களுள் ஒன்று. பையன் அதைக் குடித்துத் தீர்க்கிறான். பெண் பிள்ளையோ குடிக்காமல் சுமக்கிறாள்; அவளும் பள்ளியை விடுகிறாள், தம்பியைப் பார்க்கிறாள், கதவைத் தாழிடக் கற்கிறாள். குடியைப் பற்றிய நம் பேச்சில் அவள் பெரும்பாலும் வருவதேயில்லை. 2019இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பு, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருந்ததாகக் காட்டியது. மற்ற 37 வீடுகளில் சிகிச்சை செய்வது அவள்தான்.

*

இவ்வேரியின் வடகரை அண்மைக்காலம் வரை நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. அம்மாவட்டத்தின் உட்பகுதியில் துபகுண்டா என்றொரு சிற்றூர். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் இரவு வகுப்புகளில் அவ்வூர்ப் பெண்கள் எழுத்துக் கற்றனர். பாடநூலில் குடியால் சீரழிந்த குடும்பத்தின் கதை இருந்தது. வாசித்த பெண்கள் அது தங்கள் கதை என்றனர். எழுந்துபோய்ச் சாராயக் கடையை மூடவைத்தனர். ரோசம்மா முதலானோர் தொடங்கியது 1992இல் மாவட்டம் முழுவதும் பரவி, சாராய ஏலத்தையே நிறுத்தியது. 1993இல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் அது தளர்ந்தது. முடிவைக் கொண்டு அந்த இயக்கத்தைத் தோல்வி என்போர் உண்டு. நமக்கு அதன் தொடக்கமே முக்கியம். பள்ளிக்கு வெளியே வளர்ந்தவர்கள், தம் துயரத்தை எழுத்தில் கண்ட கணத்தில், அதை விதி என்று நம்புவதை விட்டார்கள்.

எழுத்தோடு சிகிச்சையும் கைக்கெட்டும் தூரத்தில் வரக்கூடியதே. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், மருத்துவமனையை ஊருக்கே கொண்டுசென்று முகாம் நடத்தும் வழியைக் காட்டியது. 2017இல் கோவாவில் நடந்த ஓர் ஆய்வு, மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள் சில அமர்வுகள் உட்கார்ந்து பேசுவதாலேயே அளவு மீறிக் குடித்த ஆண்கள் பலர் மீண்டதை உறுதிப்படுத்தியது. ஒரு குப்பத்துக்கு அப்படி இருவர் போதும். அவர்கள் அவ்வூர்க்காரராக இருந்தால் இன்னும் நல்லது. மனவருத்தத்தைக் கேட்கத் தெரிந்த ஒருவர், பதினான்கு வயதில் பள்ளியை விட்டவனின் வீட்டுக் கதவைத் தட்டும் வழக்கம், காணாமற் போனவனின் குடும்பத்துக்கு ஏழாண்டு காத்திராத சட்டம், மணல் மூடாத முகத்துவாரம் ஆகிய இந்நான்கும் வெவ்வேறு துறைகளின் கோப்புகளாக இருக்கின்றன. ஒரு பிள்ளையின் வாழ்வில் அவை ஒன்றே.

குடி என்ற சொல்லுக்கும் தமிழில் இரு பொருள் உண்டு. குடும்பமும் ஊரும் குடி, அருந்துவதும் குடி. முன்னதற்கு இடமில்லாமற் போகும்போது பின்னது வந்து அமர்கிறது. பழைய பாட்டில் அது முழுநிலா நாளில் வந்து, மறுநாள் படகு கடலில் இறங்கும்போது போய்விட்டது. போவதற்கு மறுநாளும் படகும் இருந்தன. பழவேற்காட்டுத் துறையில் அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் குடிக்காதே என்று சொல்லும் உரிமை நமக்கு இருக்கலாம். அதற்கு முன் அவனுக்கு அந்த மறுநாளைக் காட்ட வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.